பதினாறு டப்பா பத்தியம்

பொன்னியம்மன் துணை

ஆவடி
12-8-1993

என் செல்ல மகன் ஆனந்தனுக்கு உன் நைனா கோதண்டம் எழுதிக்கொண்டது. மஸ்கட்டில் வெயில் எப்படி, உன் வயிறு எப்படி, உன் தலை எப்படி, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். இந்த இடத்தில் எப்போதும் இங்கே எல்லாரும் நலம் என்றுதான் போடுவேன். இந்த முறை போடவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும், நடுவில் கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காதே, கணக்குப் புத்தகத்தில் விடையை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போட்டவன் நீ. பயப்படவும் வேண்டாம். உயிரோடு இருக்கிறேன், வாயோடும் இருக்கிறேன். உன் அம்மாவைக் கேட்டால் அந்த வாய் மட்டும் கொஞ்ச நாளைக்கு லீவு போட்டால் தேவலை என்பாள். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று நினைப்பாய், அதற்கும் காரணம் இருக்கிறது, வரும். இது தபாலில் வரவில்லை, உன் பக்கத்துக் கட்டில் சுலைமான் லீவு முடிந்து வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் எதிரில் உட்கார்ந்து படி. நீ எந்த இடத்தில் முகத்தைத் திருப்புகிறாய் என்று எனக்கு வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

பங்குனி மாதம் எனக்குக் காலையில் எழுந்தால் பின்மண்டை கனத்தது. நம்ம மார்க்கெட் பக்கத்து உலகநாதன் டாக்டர் கையில் பட்டை கட்டிப் புஸ் புஸ் என்று காற்றடித்துப் பார்த்துவிட்டு பி.பி. நூற்று எழுபது என்றார். அதை உனக்கு எழுதவில்லை, அது முதல் புளுகு, எழுதிக்கொள். உப்பைக் குறைக்கணும், கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, எண்ணெய் கூடாது, தினம் ஒரு மாத்திரை என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து உன் அம்மா எனக்குப் பத்தியம் போட ஆரம்பித்தாள். நம்ம வீட்டுப் பத்தியம் உனக்குத் தெரியாததா. மிளகாய் கிடையாது, புளி கிடையாது, தாளிப்பு கிடையாது, குழந்தை பெற்றவளுக்குப் போடுகிற மாதிரி வெள்ளைச் சோறும் மிளகு ரசமும். ரெண்டு மாதம் தின்றேன். நாக்கு வெளுத்துப் போய் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. வேம்புலி கறிக்கடை வழியாகப் போனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போவேன், அவன் விடுவானா, கத்தியைத் தீட்டிக்கொண்டே, அண்ணாத்தே இன்னா சாமியாரா போய்க்கினு கீறியா, காவி எங்கே என்று தெருவே கேட்கக் கூப்பிடுவான்.

அப்போதுதான் வைகாசிக் கடைசியில் சுலைமான் வந்து இறங்கினான், நீ கொடுத்தனுப்பின பையோடு. சோப்பு, தைலம், டார்ச் லைட்டு, அம்மாவுக்குப் புடவை, எல்லாம் வந்தது. அடியில் பதினாறு டப்பா. சீட்டில் நீயே எழுதியிருந்தாய், நைனா கறி இல்லாமல் சாப்பிட மாட்டார், இது டப்பாவில் அடைத்த கோழிக்கறி, திறந்து அப்படியே சாப்பிடலாம், நானும் இதைத்தான் சாப்பிடுகிறேன் என்று. முதல் டப்பாவை அரிவாள்மணை முனையால் குத்தித் திறந்தோம். மேலே ஒட்டின படத்தின்படி எட்டு டப்பாவில் விரல் விரலாக சாக்பீஸ் மாதிரி இருந்தது, எட்டில் சிவப்புச் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. கோழி எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தேடினேன். எலும்பில்லை, தோலில்லை, இறகு முளைத்த இடம்கூடத் தெரியவில்லை. முட்டை போடாமலே வளர்ந்த கோழி போல என்றேன், அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். மிளகாய் இல்லை. புளி இல்லை. எண்ணெய் மிதக்கவில்லை. பல் இல்லாத கிழவனும் மெல்லலாம், அவ்வளவு மெத்து. உடனே அம்மாவைக் கூப்பிட்டு, நாகம்மா, இது பத்தியக் கறி, வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுக்கிறது, நம்ம பிள்ளை எனக்கு பி.பி. என்று தெரியாமலே சரியானதை அனுப்பிட்டான் பார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவளும் டப்பாவை மோந்து பார்த்தாள், காரம் இல்லை, அப்போ பத்தியம்தான் என்று ஒப்புக்கொண்டாள். டாக்டர் சொன்ன கணக்கிலே டப்பா என்ற பேரே இல்லையே.

அப்புறம் கேளு. மத்தியானம் ஒரு டப்பா, மருந்து மாதிரி நேரம் தவறாமல். அதில் இருந்த தண்ணீரைக்கூடக் கொட்டவில்லை, சூப்பு என்று சொல்லி சூடு பண்ணி டம்ளரில் குடித்தேன். உப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மாதம் காய்ந்த நாக்கு, அதற்குத் தெரியாமல் போகுமா. அது உப்பு உப்பு என்று சொன்னது, நான்தான் அது வேற உப்பு, சீமை உப்பு, அது உடம்புக்குள்ளே தங்காது என்று நாக்கைச் சமாதானம் பண்ணி உட்கார வைத்தேன். முகம் உப்பினதைப் பார்த்து உன் அம்மா சதை போட்டிருக்கு, பத்தியம் ஒத்துக்குது என்று சந்தோஷப்பட்டாள். கால் வீங்கினதை நான் செருப்பு சிறுத்துப் போச்சு என்று சொல்லிக்கொண்டேன். பதினாலு நாளில் பதினாலு டப்பா போனது.

பதினைந்தாவது நாள் காலை பத்து மணிக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். கேனை வலது கையில் பிடித்திருந்தேன். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன், ஆனால் கேன் கீழே உருளுகிறது. எடுக்கக் குனிந்தால் கை என் பேச்சைக் கேட்கவில்லை, வேறு யாருடைய கையோ சட்டைக்குள் தொங்குகிற மாதிரி இருந்தது. முன்னாடி நின்றவனிடம் எடுத்துக் கொடுப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாயும் ஒரு பக்கமாகப் போய் ளொள ளொள என்று ஏதோ வந்தது. வரிசையில் ஒருத்தன், காலைலயே ஊத்திகினு வந்துட்டுது பாரு பெர்சு என்றான், நாலு பேர் சிரித்தார்கள். ஊரையே கிண்டல் பண்ணினவன், அன்றைக்குப் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லாமல் நின்றேன். உன் அம்மா பக்கத்து வரிசையில் கோதுமைக்கு நின்றவள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவரு பீடி கூட தொட மாட்டாருய்யா, கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு என்று ஒரு சத்தம். அவளுக்கு அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று முப்பத்தெட்டு வருஷமாக எனக்கே தெரியாது. ரோட்டிலேயே உட்கார்ந்து என் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். தெருவில் என்னோடு பக்கத்தில் நடக்கக்கூட வெட்கப்படுகிறவள், எப்போதும் பத்தடி பின்னாலேயே வருகிறவள். அந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது ஆனந்தா, சிரிக்கலாம் என்று பார்த்தால் சிரிப்பும் கோணிக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் வாய் திரும்பிவிட்டது. பயப்படாதே, வாய் முழுசாகத் திரும்பிவிட்டது, உன் அம்மாவுக்கு அதில் பாதி சந்தோஷம் பாதி வருத்தம். ஆனால் கைதான் சோம்பேறி ஆகிவிட்டது. உலகநாதன் டாக்டர் பட்டை கட்டிப் பார்த்தால் இருநூறு. ரெண்டு நாள் படுக்க வைத்தார். என்ன சாப்பிட்டீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டார். உன் அம்மா தலையை நிமிர்த்தி, பத்தியம்தான் டாக்டர், ஒரு மிளகாய் சேர்க்கல, சீமைப் பத்தியக் கறி, பிள்ளை அனுப்பினது என்று பெருமையாகச் சொல்லி, மடியிலிருந்து காலி டப்பாவையே எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதிலே பொடி எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்துவிட்டு டப்பாவை மேசைமேல் வைத்தார். அப்புறம் சொன்னார், “கருவாடு வேணாம்னு சொன்னேன் பெரியவரே, நீங்க இன்னா பண்ணிட்டீங்க, கருவாட்டுக்குப் பேண்ட்டு சட்டை மாட்டி ஊட்டுக்குள்ள கூட்டிகினு வந்துட்டீங்க.” கறி கெடாமல் வருஷக்கணக்கில் இருக்கணும் என்றால் உப்பை அள்ளிக் கொட்டணுமாம், சிவப்பு மாறாமல் இருக்க அதற்கு வேற ஒரு மருந்து சேர்க்கணுமாம், அதைத் தினம் தின்றால் பி.பி. மட்டும் இல்லை, நாள்பட நாள்பட வயிற்றுக்கும் குடலுக்கும் கெடுதலாம். என்றைக்கோ ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது, பத்தியமாகத் தின்ற முதல் ஆள் நீங்கதான் என்றார். உன் அம்மா அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள், என் கையாலேயே ஊட்டினேனே என்று. அவள் மேல் என்ன தப்பு. உன் மேலும் ஒரு தப்பும் இல்லை, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். நீ ஆசையாக அனுப்பினாய், அவள் ஆசையாகப் போட்டாள். தீர்ப்புச் சொன்ன வாயும் தின்ற வாயும் என்னுது.

இது உனக்குத் தெரியக்கூடாது என்று முடிவு பண்ணினேன். ஆடி மாதம் வந்த ரெண்டு கடிதமும் எதிர்வீட்டு புஷ்பாவை விட்டு எழுதச் சொன்னது. கண்ணாடி உடைந்துபோச்சு, அதனால் புஷ்பா எழுதுகிறாள் என்று போட்டேன். கண்ணாடி உடையவில்லை, மூக்கு மேலேதான் இருந்தது. இது ரெண்டாவது புளுகு. சரி, என் புளுகு ரெண்டும் முடிந்தது. இப்போது உன்னுதுக்கு வருவோமா ராஜா?

போன ஞாயிற்றுக்கிழமை சுலைமான் என்னைப் பார்க்க வந்தான். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, ஆனந்தன் காதுல போடாதே, அவன் அங்கே ஒண்டியா கீறான், பயந்துடுவான் என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “இன்னா நைனா, நீ அவனாண்ட சொல்லாதேன்ற, அவன் உன்னாண்ட சொல்லாதேன்றான், நடுவுல நான் எவ்ளோதான் முழுங்குறது,” என்றான். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. சித்திரை மாதம் நீ ஓட்டுகிற கிரேனின் ஏணியில் இறங்கும்போது பாதியில் கண் இருட்டி, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றாயாம். கீழே இருந்தவர்களுக்கு ரிப்பேர் பார்க்கிறேன் என்று கையைக் காட்டினாயாம். கேம்ப் டாக்டர் பி.பி. என்றாராம். ஆபீசில் சொன்னால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று சொல்லாமல் மறுநாளும் ஏறினாயாம். காலையில் ரொட்டிக்கு நடுவில் அதே சாக்பீஸ், மத்தியானம் மேலேயே உட்கார்ந்து அதே சோப்புக்கட்டி, ராத்திரி டூட்டி முடிந்து அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் மறுபடியும் டப்பா. இதையெல்லாம் செய்துவிட்டு எனக்கு மாதம் தவறாமல் நலம் நலம் என்று எழுதியிருக்கிறாய். பார்த்தாயா, நான்தான் பெரிய டகால்டி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பனும் பிள்ளையும் ஒரே டப்பாவைத் தின்று, ஒரே நோயை வாங்கி, ஒரே புளுகை எழுதியிருக்கிறோம். உன் மூஞ்சி என் மூஞ்சி மாதிரி இல்லை என்று ஊரில் சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

சிரித்தது போதும், இப்போது சொல்வதைக் கேள். நீ உட்காருகிற இடம் நம்ம ஊர் தண்ணி டாங்கைவிட உயரம் என்று முன்னே எழுதியிருந்தாய். அதை நான் பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லி உதார் விட்டேன், என் பழைய ஃபேக்டரி ஆட்களிடம், பஸ் கண்டக்டரிடம், வேம்புலியிடம் தினமும். இப்போது அந்த உயரத்தை நினைத்தால் எனக்கு இங்கே தரையில் தலை சுற்றுகிறது. எனக்குக் கை விட்டபோது கீழே மண்ணெண்ணெய்க் கேன்தான் விழுந்தது. நீ கம்பியைப் பிடித்த அந்த நேரத்தில் உன் கை விட்டிருந்தால். அதற்கு மேல் எழுத வரவில்லை. நீ நாளைக்கே ஆபீசுக்குப் போ, இருக்கிறதை இருக்கிறபடி சொல். கீழே ஒரு வேலை கொடுங்கள், பெருக்கச் சொன்னாலும் பெருக்குகிறேன் என்று சொல். நம்பர் இறங்குகிறவரை நீ ஏணியில் கால் வைக்கக்கூடாது. என் மகன் கிரேன் ஆபரேட்டர் என்ற பெருமை எனக்கு வேண்டாம். என் மகன் தரையில் நிற்கிறான், அது போதும். அதை வைத்தே நான் உதார் விட்டுக்கொள்வேன், எனக்கா சொல்லித்தரணும்.

சாப்பாட்டுக்கு வழி பேசி முடித்தாகிவிட்டது. சுலைமான் சமைப்பான், நீ காய் நறுக்கிப் பாத்திரம் கழுவு. உன் சமையலைத் தின்ன அவன் தயாராக இல்லை, அது அவன் போட்ட ஒரே கண்டிஷன். அங்கே கடலோரத்தில் மத்தி மீன் துள்ளத் துள்ள வருகிறதாமே, அதை விட்டுவிட்டு செத்து மூணு வருஷம் ஆன கோழியை ஏன் தேடினாய். வெள்ளிக்கிழமை லீவில் மீன் வாங்கி மிளகு, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வையுங்கள். வேலைக்குப் போகிற நாளில் ரெண்டு முட்டையை அவித்துத் தோலோடு எடுத்துக்கொள். ராத்திரி படுக்கும் முன்னே பச்சைப்பயறு ஒரு பிடி ஊறப்போட்டால் காலையில் அரிசியோடு ஒரே கொதியில் கஞ்சி. பேரீச்சம்பழம் அங்கே மலை மாதிரி கிடக்குதாம். இங்கே நான் காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேம்புலியிடம் கால் கிலோ, கண்ணெதிரே வெட்டினது, அதோடு முருங்கைக்காய் நாலு போட்டு ரெண்டு பேரும் சாப்பிடுகிறோம். இன்னா அண்ணாத்தே, டப்பாவாண்ட போய்ட்டு கடைசில என்னாண்டதான் வந்தியா என்கிறான். உப்பு கம்மியாகத்தான் இருக்கும், முதல் பத்து நாள் அழுகை வரும். அதற்கு உன் அம்மா ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாள், சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் உப்பு கேட்கிற நாக்கு ஏமாந்துபோய்ச் சும்மா இருக்கும். என் நாக்கே ஏமாறுகிறது என்றால் பார்த்துக்கொள்.

மூட்டை கட்டும்போதுதான் பெரிய பேஜார். எப்போதும் அவள் உனக்கு அனுப்புவது வஞ்சிரக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், வடகம், அப்பளம். எல்லாவற்றையும் வழக்கம்போல எடுத்து வைத்தாள், நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். “உப்பில்லாம என் புள்ளைக்கு இன்னாத்த அனுப்புறது” என்று கேட்டுவிட்டு மூட்டை முன்னாடி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். இருபத்தொன்பது வருஷமாக அவள் கை உனக்குப் போய்ச் சேர்ந்தது எல்லாம் உப்போடுதான். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். கறிவேப்பிலை, பூண்டு, கொள்ளு வறுத்து உப்பில்லாமல் பொடி இடித்தாள். கேழ்வரகு மாவு அரைத்து வந்தாள். முருங்கைக் கீரையை நிழலில் காய வைத்துப் பொடித்தாள். நாலு நாள் வேலை. எல்லாம் மூட்டையில் இருக்கிறது, ஒவ்வொரு பொட்டலத்திலும் சீட்டு இருக்கும், அவள் எழுத்து, திட்டாமல் படி. இன்னொன்றும் இருக்கும். கேழ்வரகு மாவுக்கு நடுவில் ஒரு சின்ன ஊறுகாய்ப் பாட்டிலைப் புதைத்து வைத்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. எடுக்க மனசு வரவில்லை. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு சுலைமானிடம் கொடுத்துவிடு. அம்மாவுக்கு மட்டும் நன்றாக இருந்தது என்று எழுது. அந்த ஒரு புளுகுக்கு நான் அனுமதி கொடுக்கிறேன்.

மீதி ரெண்டு டப்பா அலமாரியில் அப்படியே நிற்கிறது. தினம் காலையில் வலது கையால் ஒன்றை எடுத்து மேல்தட்டில் வைக்கிறேன், அப்புறம் கீழ்தட்டில் வைக்கிறேன், இருபது தடவை. டாக்டர்தான் கைக்கு ஏதாவது கனமாகக் கொடு என்றார். முதல் வாரம் தூக்கவே முடியவில்லை, இப்போது இருபதும் ஆகிறது. ஆக உன் டப்பாவால் உடம்புக்கு நல்லதும் நடக்கிறது, திறக்காமல் இருந்தால். இந்தக் கடிதம் நாலு நாளாக எழுதுகிறேன். புஷ்பா நான் எழுதித் தரேன் தாத்தா என்று ரெண்டு தடவை கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். முதல் நாள் உன் பேரை எழுதவே அரை மணி ஆனது. இன்றைக்கு ஒரு பக்கம் வந்துவிட்டது. கோணலாக இருந்தால் இருக்கட்டும், இது என் கை.

பொன்னியம்மன் உன்னைத் தரையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும், நீயும் சுலைமானும் ஒரு தட்டில் தின்று நூறு வருஷம் இருக்கணும், அம்மா உன் தலையைத் தடவிக் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். ஒன்றே ஒன்று மறக்காதே. இன்று காலை டாக்டர் பார்த்தார், என் நம்பர் நூற்று ஐம்பத்திரண்டு, கீழே தொண்ணூற்று நாலு. உன் நம்பர் என்ன? அடுத்த கடிதத்தில் நலம் என்று எழுதாதே, நம்பரை எழுது. நானும் அதையே எழுதுகிறேன். ரெண்டும் இறங்கட்டும், அப்புறம் அந்த வார்த்தையை நாம் ரெண்டு பேரும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சொந்தக் கையால்,
உன் நைனா
கோதண்டம்